ஒரே ஆணியில் இரண்டு காலண்டர்

1

தீக்குச்சியை உரசினால் எனக்கு முதலில் வருவது வாசனைதான். மூக்கின் உச்சியில் சுருக்கென்று ஒரு குத்து. மருந்தும் மெழுகும் கருகும் மரமும் கலந்த குத்து. வெளிச்சம் அதற்குப் பின்னால் தயங்கி வருகிறது, அழைக்காத வீட்டுக்கு வருகிற சொந்தக்காரரைப் போல.

இன்று மாலை என் அடுக்களையில் நானே ஒரு குச்சியை உரசினேன். என் மகள் எஸ்தர் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன கருகுது?" என்று போர்த்துகீசியத்தில் கேட்டாள். பதினான்கு வயது. தமிழில் கேட்டால் பதில் நீளும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்றேன். ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். வாசனையும் போனது.

நியாயப்படி இந்த வாசனை எனக்குக் கீழிருந்து வர வேண்டும். எட்டு ஆண்டுகளாக அப்படித்தான் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும் நேரத்தில் கீழ்வீட்டு தெயோலிந்தா ஒரு தீக்குச்சி உரசுவார். தரைப்பலகைகளின் இடுக்கு வழியாக அது ஏறி வரும். ஆலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நிற்பேன். அந்த ஒரு நிமிடத்தில் சிவகாசிப் பக்கத்து என் ஊர் திருத்தங்கலுக்குப் போய்த் திரும்பிவிடலாம். விசா கேட்க ஆளில்லை.

கீழ்வீடு பூட்டி ஓராண்டு ஆகிறது.

நேற்று மாலையோடு இந்த ஊர் ஜெப ஆலயத்தில் தூய நாள் முடிந்துவிட்டது. ஆண்டு முழுவதும் செய்த பாவத்துக்காக யூதர்கள் பட்டினி இருந்து மன்றாடும் நாள் அது. தெயோலிந்தாவின் கணக்கில் அது இன்று மாலைதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கு தெரிந்த ஆள் இப்போது இந்த ஊரில் நான் ஒருவன்தான். நானோ யூதனில்லை. என் சுவரில் போன ஆண்டுக் காலண்டர் ஒன்று இன்னும் தொங்குகிறது. சிவகாசிச் சரக்கு. அதில் ஒரு தேதிக்குக் கீழே வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. ஒட்டியது நான்.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

போர்ச்சுகலின் கிழக்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மலையில் சின்ன ஊர் இது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டு மன்னர் யூதர்களையெல்லாம் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்தார். பிறகு வந்த விசாரணை மன்றம், வீட்டுக்குள் பழைய சாமியைக் கும்பிடுகிறார்களா என்று மோப்பம் பிடித்தது. பிடிபட்டவர்களை எரித்தார்கள். இந்த மலையில் சில குடும்பங்கள் மட்டும் பிடிபடவில்லை. வெளியே கிறிஸ்தவப் பெயர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை. உள்ளே அம்மா மகளுக்கு முணுமுணுத்துக் கொடுத்த ஜெபம். புத்தகம் இல்லை. எபிரேய மொழி மறந்துவிட்டது. மறக்காதது விளக்கு ஒன்றுதான்.

நான் இங்கே வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அவர்கள் வெளிப்படையாக வந்தார்கள். ஜெப ஆலயம் எழும்பியது. வெளிநாட்டிலிருந்து ஒரு குருவை வரவழைத்தார்கள். அவரும் பொறுமைசாலிதான். ஐம்பது வயதுப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு போய் அவரிடம் எழுத்துப் பழகினார்கள். தாங்கள் இத்தனை காலம் எதற்காக ஒளிந்திருந்தார்களோ அதையே முதல் பாடத்திலிருந்து படித்தார்கள்.

தெயோலிந்தா அந்த வகுப்புக்கு மூன்று நாள் போனார். நான்காம் நாள் சந்தைக்குப் போய்விட்டார். அவர் பிழைப்பு அது. வேனில் காலுறையும் படுக்கை விரிப்பும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சந்தை போடுவார். அறுபது தாண்டியவர், கணவர் இல்லை. அவர் பேசியது போர்த்துகீசியம்தான். ஆனால் என் காதில் அது சாத்தூர்ப் பக்கத்துப் பேச்சாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு தபால் உறை. குடியேற்ற அலுவலகத்திலிருந்து எனக்கு வந்தது தவறுதலாக அவர் பெட்டியில் கிடந்திருக்கிறது. மாடி ஏறி வந்தார்.

"தானியேலு, இது யாரு, தனுஷ்கோடி? ஒன் வீட்டுல வேற ஆம்பள யாரையும் நான் பாக்கலையே."

"அதுவும் நான்தான், தோனா தெயோலிந்தா."

தோனா என்றால் நம் ஊரில் அம்மா என்று மரியாதையாகச் சொல்வதைப் போல. அவர் உறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒனக்கும் ரெண்டு பேரா?" என்றார். அப்படிச் சந்தோஷமாக என்னை இந்த நாட்டில் வேறு யாரும் விசாரித்ததில்லை.

அந்த அலுவலகத்தில் எனக்கு ஏற்கெனவே ஓர் அவமானம் உண்டு. தகப்பனார் தொழில் என்ன என்று கேட்டார்கள். மருந்து இடிக்கிற பட்டாசுக் கம்பெனி என்று சொல்ல வேண்டும். 'பொல்வொரா' என்றால் வெடிமருந்து. நான் 'பொல்வோ' என்றேன். அதற்கு எட்டுக்கால் கடல்பிராணி என்று பொருள். அந்தப் பெண் எழுத்தர் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். என் கோப்பில் இன்றைக்கும் என் அப்பா கடல்பிராணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருத்தத் தனி விண்ணப்பம் வேண்டுமாம். எஸ்தர் இதைத் தன் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிப்பில் ஒரு துளி வெட்கமும் இருக்கிறது, என்னைப் பற்றி.

3

இரண்டு பெயர் எப்படி வந்தது?

எங்கள் காலனி திருத்தங்கலுக்குச் சற்றுத் தள்ளி. ஒரு தலைமுறைக்கு முன்வரை அடுத்தவர் நிலத்தில் உழைத்த சனம். பிறகு பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மாறியது. காலையில் கம்பெனி வேன் வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும். அம்மா வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாள். நானும் ஒட்டுவேன். பசையை விரலால் தொட்டு, தாளை வைத்து, பெருவிரலால் ஒரே இழுப்பு. சுருக்கம் விழுந்தால் பெட்டி கழிவு.

தாத்தா காலத்திலேயே நாங்கள் கிறிஸ்தவர்களாகி வேதக்கோவிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டோம். ஆனால் அதைக் காகிதத்தில் சொன்னால், எங்கள் சனத்துக்கு அரசு தரும் சலுகை நின்றுபோகும். ஆகவே வேதக்கோவிலில் தானியேல், பள்ளிக்கூடத்தில் தனுஷ்கோடி. எங்களை யாரும் எரிக்கவில்லை. ஒரு ரப்பர் முத்திரை போதுமானதாக இருந்தது.

சாதிச் சான்றிதழுக்கு விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வருகிறார் என்று தகவல் வரும். அம்மா பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுவாள். சுவரில் ஒரே ஓர் ஆணி. அதில் இரண்டு காலண்டர். முன்னால் இயேசு, பின்னால் இருக்கன்குடி மாரியம்மன். அம்மா இரண்டையும் எடுத்து, மாற்றி மாட்டுவாள். அவ்வளவுதான்.

வந்தவர் ஒருமுறை காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்னம்மா, சாமியெல்லாம் கும்பிடுவீகளா?"

"கும்பிடாம என்னய்யா."

"எந்தச் சாமி?"

"வீட்டுல இருக்குற சாமிதான்."

அவர் கலர் சோடா குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். அவர் பஸ் ஏறிப் புழுதி அடங்கிய பிறகு அம்மா காலண்டரைத் திரும்ப மாற்றினாள்.

"எம்மா, பொய் சொல்லிட்டியே," என்றேன். ஞாயிறு வகுப்பில் படித்த திமிர்.

"எதுலே பொய்யி? ரெண்டும் நம்ம ஆணியிலதான தொங்குது?"

இதைத் தெயோலிந்தாவிடம் சொன்னபோது கண்ணீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு, தொழில் தெரிந்தவர் இன்னொரு தொழில்காரரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்: "அந்தாளு போனதும் உடனே மாத்துனாகளா, இல்ல தெருமுன திரும்புற வரைக்கும் பொறுத்தாகளா?"

"பஸ் ஏறுற வரைக்கும்."

"கெட்டிக்காரி," என்றார்.

பிறகு தன் அடுக்களைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினார். தட்டுகளுக்குப் பின்னால் ஒரு மண்சட்டி. சட்டிக்குள் எண்ணெய் விளக்கு, நூல்திரி. வெள்ளிக்கிழமை அதை ஏற்றி அலமாரியைச் சாத்திவிடுவார். தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. ஜெப ஆலயத்தில் மின்விளக்கு பளிச்சென்று எரிகிறது, சுவரில் எபிரேயத்தில் பெயரே எழுதியிருக்கிறது, இன்னும் ஏன் ஒளிக்கிறீர்கள் என்றேன். "அலமாரியில இருந்தாத்தான் அது வெளக்கு," என்றார்.

4

தெயோலிந்தாவின் மகள் ராக்கெல், யூதச் சமூகச் சங்கத்தின் செயலாளர். பள்ளி ஆசிரியை. முதலில் எபிரேயம் படித்துத் தேறியவள். என் சுவரில் இருந்த சிவகாசிக் காலண்டரைப் பார்த்து, தாளைத் தடவி, தங்களுக்கும் இப்படி ஒன்று அச்சடிக்க முடியுமா என்று கேட்டாள். அவர்களுடைய ஆண்டு புரட்டாசி வாக்கில் பிறக்கிறது. பண்டிகைகள் எல்லாம் சரியான தேதியில் குறித்த முதல் காலண்டர். வெளிநாட்டிலிருந்து பெரியவர்கள் வந்து, இவர்கள் நம்மவர்கள்தானா என்று பார்க்கப் போகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

தகராறு அந்த அடுக்களையில்தான் நடந்தது. நான் காப்பிக் கோப்பையோடு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

தெயோலிந்தாவின் வீட்டுப் பெண்கள் தூய நாளை எப்போதும் இரண்டு நாள் தள்ளித்தான் அனுசரித்தார்கள். காரணத்தை அவர் என்னிடம்தான் சொன்னார், மகளுக்குக் கேட்கும்படி.

"அந்தக் காலத்துல விசாரண மன்றத்து வேவுக்காரனுக மலமேல ஏறி நின்னு பாப்பானுக. தூய நாளுல எந்த வீட்டுக் கூரையில அடுப்புப் பொக வரலையோ, அந்த வீடு செத்துச்சு. எங்க ஆளுக என்ன பண்ணுனாக? அன்னைக்குப் பாத்து நல்லாப் பொகையப் போட்டு வயிறு முட்டத் தின்னாக. ரெண்டு நாள் களிச்சு, வேவுக்காரன் எறங்கிப் போன பொறவு, நோன்பு இருந்தாக. ஏன் லேட்டுன்னு சாமிக்குத் தெரியாதா?"

"அம்மா, இப்ப மலமேல யாரும் நிக்கல," என்றாள் ராக்கெல்.

"அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

ராக்கெல் கெட்டவள் இல்லை. அவள் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. "ஒலகத்துல நம்ம சனம் முச்சூடும் ஒரே நாளுல நிக்குது. அந்தக் கூட்டத்துல ஒரு தடவையாவது நானும் நிக்கணும்மா. ஐந்நூறு வருசம் தனியாவே நின்னாச்சு."

மகள் போன பிறகு தெயோலிந்தா என் கையைப் பிடித்தார். அவரோடு தள்ளி நோன்பிருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சரியான தேதிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் அவர் மட்டும்தான்.

"எழுத்தெல்லாம் வேண்டாம் தானியேலு. அந்தத் தள்ளுன தேதிக்குக் கீள ஒரு புள்ளி போதும். நான் செத்த பொறவு எவளாவது ஒரு பிள்ள அதப் பாத்து, இது என்ன புள்ளின்னு கேக்கணும். கேட்டாப் போதும். பதில் வேண்டாம்."

செய்கிறேன் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது அந்த வார்த்தை.

5

காதர் என் கூடப் படித்தவன். திருத்தங்கலில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறான். தொலைபேசி அட்டையைச் சுரண்டி அவனை அழைத்தேன்.

"ஏலே தானி! யூதருக்குக் காலண்டரா? எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா கபருக் குழியிலருந்து எந்திரிச்சு வந்துருவாருலே."

"வந்தா புரூப் பாக்கச் சொல்லு."

"எளுத்து எந்தப் பக்கமிருந்து ஓடுது?"

"வலப்பக்கமிருந்து."

"அப்ப நம்ம ஆளுகதான். அனுப்பு, அனுப்பு. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் போடணும், அதுக்கு முன்ன முடிச்சிருவோம்."

தெயோலிந்தாவின் இரண்டு நாள் கதையைச் சொன்னேன். அவனுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"இதுல என்னலே இருக்கு? பிறை பாத்ததுல சண்ட வந்து எங்க தெருவுலயே ரெண்டு பெருநாளு. எங்க மச்சான் வீட்டுல நோம்பு, எங்க வீட்டுல பிரியாணி. நடுவுல ஒரே செவரு. வாசன போகாம இருக்க சன்னலச் சாத்திட்டுச் சாப்பிட்டோம்."

முதல் புரூப் கணினியில் வந்தபோது நாங்கள் மூவரும் சங்கத்து அறையில் இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மெழுகுவத்திப் படம் போடச் சொல்லியிருந்தாள் ராக்கெல். ஆனால் ஒவ்வொரு வெள்ளியிலும் அகல் விளக்கு எரிந்தது. நம் கார்த்திகை விளக்கு. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: மெழுகுவத்தி இருந்த இடமெல்லாம் வெறும் கட்டமாக வந்திருக்கிறது, காதரிடம் டைப் செட்டிங் பார்க்கும் செல்வி, வெள்ளிக்கிழமை விளக்கு என்றால் இதுதானே என்று தன்னிடம் இருந்ததைப் போட்டுவிட்டாள். நான் கேட்ட புள்ளிக்குப் பதிலாகவும் அந்தத் தேதியில் ஒரு விளக்கு.

தெயோலிந்தா நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். விரலால் தொட்டார்.

"அச்சு அசலா இதேதான். மண்ணு, எண்ண, திரி. இத யாரு வரஞ்சா? அந்த ஊருல எங்க அலமாரிக்குள்ள யாரோ எட்டிப் பாத்திருக்காக."

"அம்மா, இது இந்துக்கள் விளக்கு," என்றாள் ராக்கெல் பொறுமையாக. "வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? தானியேல், எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கே காதரை அழைத்தேன். எல்லா விளக்கையும் எடுத்துவிடு, அந்த ஒரு தேதியில் மட்டும் இருக்கட்டும் என்றேன்.

"அவங்க கையெளுத்துப் போட்டு வர்ற புரூப்புல அது இருக்காதேலே."

"எனக்காகச் செய்யிடா."

"பொறவு எந் தலைய உருட்டக் கூடாது."

"மாட்டேன்."

6

நானூறு காலண்டர் கப்பலில் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் மையும் பசையும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. மலைச் சாரலில் ஒரு கணம் சிவகாசி. காதர் வலப்பக்கம் கச்சிதமாகத் தைத்திருந்தான். ராக்கெல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தெயோலிந்தா நேரே அந்த மாதத்துக்குப் புரட்டினார். விளக்கு இருந்தது. ஒரு பெயரும் இல்லாமல், தேதிக்குக் கீழே, நகத்தளவு. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எழுத எனக்குத் திராணி இல்லை.

ராக்கெலும் பார்த்துவிட்டாள்.

"இது யார் பண்ணினது?"

அவள் என்னைத்தான் கேட்டாள். கோபம்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் யாராவது கையில் காகிதத்தோடு கேள்வி கேட்டால், என் உடம்பு எனக்கு முன்னால் எழுந்து காலண்டரை மாற்றி மாட்டிவிடுகிறது.

"அச்சகத்துத் தவறு," என்றேன். "அவர்களுக்கு உங்கள் வழக்கம் தெரியாது."

காதர் தலை உருண்டது. செல்வி தலையும் சேர்ந்து உருண்டது. தெயோலிந்தா காலண்டரை மெதுவாக மூடி, மற்றவற்றின் மேல் நேராக அடுக்கி வைத்தார்.

சிறு வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடலாம் என்று ராக்கெல் சொன்னாள். நானே ஒட்டுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? மறுநாள் மத்தியானம் சங்கத்து அறையில் தனியாக உட்கார்ந்தேன். விரல் மறக்கவில்லை. பசை, தாள், பெருவிரலால் ஒரே இழுப்பு. ஒரு சுருக்கம் விழவில்லை. என் அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் தெயோலிந்தா வந்து எதிரே அமர்ந்தார். ஒவ்வொரு காலண்டராகப் பிரித்து, அந்த மாதத்தைப் புரட்டி, என் பக்கம் தள்ளினார். நான் ஒட்டினேன். வேலை வேகமாக நகர்ந்தது. இருவருக்குமே பழக்கப்பட்ட வேலை.

"ஒங்க அம்மா பஸ் ஏறுற வரைக்கும் பொறுத்தாக, இல்ல?" என்றார் ஒருமுறை, தலையைத் தூக்காமல்.

"ஆமா."

"அவ கேட்ட ஒடனயே நீ கவுத்திட்ட."

அடுத்த தாளை வைத்துப் பெருவிரலால் இழுத்தேன்.

மறுநாள் விடிகாலை அவர் வேனை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். விரிப்புகளை அடுக்கும்போதே சாய்ந்துவிட்டாராம். மாவட்ட மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார், பேச்சு திரும்பாமலே இறந்துபோனார். தூய நாள் இரண்டும், சரியானதும் தள்ளியதும், அவரில்லாமல்தான் வந்தன. அவர் இருந்திருந்தால் அந்தத் தள்ளிய நாளில் யாராவது கூட இருந்திருப்பார்களா என்று யோசிக்கிறேன். நான் இருந்திருப்பேனா என்றும்.

ஆகவே அந்த மத்தியானம் அவர் சொன்னதுதான் எனக்குக் கடைசி. நானூறும் முடிந்து நான் பசைக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, மேலே இருந்த காலண்டரை எடுத்து, அந்தத் தாளை மட்டும் தூக்கி ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை என் முன்னால் திரும்ப வைத்துவிட்டு, கதவுவரை போய், திரும்பி நின்று சொன்னார்:

"மேல இன்னொன்னு ஒட்டிரு தானியேலு. வெளிச்சத்துல பிடிச்சா வெளக்கு தெரியுது."